வீட்டிலேயே டேகேர் நடத்துகிறேன், வரியில் எதையெல்லாம் கழிக்கலாம்?

டல்லாஸ்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் ஜனவரியிலிருந்து வீட்டில் ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன், டெக்சாஸில் பதிவெல்லாம் முறையாக வாங்கியாயிற்று. அது போக என் மூன்று வயதுப் பையன். வீட்டுக்காரர் ஆபீஸில் ஒருவர், வேலைக்கென்றே ஒதுக்கிய தனி அறைக்குத்தான் கழிவு, ஹாலுக்கெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். பகலில் குழந்தைகள் விளையாடுகிற அதே ஹாலில்தான் ராத்திரி நாங்கள் டிவி பார்க்கிறோம், அப்போது கரண்ட் பில், சொத்து வரி எதையுமே காட்ட முடியாதா? சாப்பாட்டுக் கணக்கு இன்னும் மோசம், காஸ்ட்கோ பில்லில் எங்கள் பால் எது அவர்கள் பால் எது என்று பிரிக்கவே முடியவில்லை.

கணக்குப்பிள்ளை:
அவர் சொன்னது மற்ற தொழில்களுக்குச் சரி. டேகேருக்கு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) விதிவிலக்கு கொடுத்திருக்கிறது, அவர்களுடைய பப்ளிகேஷன் 587 என்கிற கையேட்டில் பாருங்கள். லைசென்ஸோ பதிவோ இருந்து (அல்லது உங்கள் மாநிலத்தில் அது தேவையில்லை என்றிருந்து), அந்த இடத்தை வழக்கமாகப் பயன்படுத்தினால் போதும், ராத்திரி நீங்கள் டிவி பார்ப்பதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

கணக்கு இப்படி. வீடு 2000 சதுர அடி, அதில் ஹால், சமையலறை, பாத்ரூம், குழந்தைகள் தூங்கும் அறை எல்லாம் சேர்த்து 1500 என்றால் 75 சதவீதம். நாளைக்கு 11 மணி நேரம், வாரம் 5 நாள், 50 வாரம் என்றால் 2750 மணி. குழந்தைகள் போன பிறகு பெருக்குவது, காலையில் அவர்களுக்குச் சமைப்பது இதெல்லாமும் சேரும், நிறையப் பேர் இதை எழுதுவதே இல்லை! வாரம் 5 மணி நேரம் அப்படிப் போனால் மொத்தம் 3000. வருஷத்துக்கு 8760 மணி, ஆக 34.25 சதவீதம். அதை அந்த 75 சதவீதத்தால் பெருக்கினால் சுமார் 25.7 சதவீதம். கரண்ட், தண்ணீர், இன்ஷூரன்ஸ், சொத்து வரி, மார்ட்கேஜ் வட்டி எல்லாவற்றிலும் இந்தப் பங்கு, வீட்டில் நடக்கும் தொழிலின் வீட்டுச் செலவைக் காட்டுகிற ஃபார்ம் 8829-ல் போகும். டேகேர் குழந்தைகளுக்கென்றே வாங்கிய பொம்மை, க்ரேயான் எல்லாம் முழுசாக, சுயதொழில் வரவு செலவைக் காட்டுகிற ஷெட்யூல் சி படிவத்தில்.

ஆஸ்டின்_ராஜா:
எதுக்குங்க இவ்வளவு தலைவலி? சதுர அடிக்கு 5 டாலர், 300 சதுர அடி வரை என்று சுருக்கு வழி இருக்கிறதே. 1500 டாலர், பில் எதுவும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
ராஜா, டேகேருக்கு அந்த 1500 முழுசாக வராது, மணி நேர விகிதத்தால் (அந்த 34.25 சதவீதம்) குறைத்துவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கில் சுமார் 514 டாலர்தான். சொத்து வரி மட்டும் 8000 கட்டுகிற வீட்டில் 25.7 சதவீதம் போட்டாலே 2000-ஐத் தாண்டுகிறது. ஷெட்யூல் சி லாபம் குறைந்தால் அதன் மேல் போடும் 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேர்ந்து குறையும்.

பிளேனோ_கமலா:
சாப்பாட்டுக்குப் பில் பிரிக்கவே வேண்டாம்மா. ஸ்டாண்டர்ட் மீல் ரேட் என்று ஒன்று இருக்கிறது, நீ இட்லி கொடுத்தாலும் பாஸ்தா கொடுத்தாலும் ஒரே தொகை. ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் காலை, மதியம், இரவு ஒவ்வொன்று, ஸ்நாக்ஸ் மூன்று வரை. தேதி, பெயர், எந்த வேளை என்று அன்றன்றைக்கே நோட்டில் எழுதி வை, மார்ச்சில் வரிக் கணக்குப் போட உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வராது. உன் பையன் சாப்பாடு இதில் சேராது. அரசாங்க உணவுத் திட்டத்தில் பணம் வாங்கினால் அது போக மீதிக்குத்தான் கழிவு.

டல்லாஸ்_அம்மா:
ரொம்ப நன்றி கமலாக்கா, நோட்டு இன்றைக்கே ஆரம்பிக்கிறேன். வீட்டுக்குத் தேய்மானம் (வீடு பழசாகிறதென்று வருஷா வருஷம் கழிக்கிற தொகை) போட்டால் விற்கும்போது வரி வருமாமே, அதை மட்டும் விட்டுவிடலாமா?

கணக்குப்பிள்ளை:
விடாதீர்கள். நீங்கள் எடுக்காவிட்டாலும், எடுத்திருக்கலாம் என்ற தொகையை வைத்துத்தான் விற்கும்போது வரி போடுவார்கள். நிலத்தின் மதிப்பைத் தள்ளிவிட்டு, உங்கள் சதவீதத்துக்கு 39 வருஷக் கணக்கில் வரும். அப்புறம், பெற்றோர்கள் டபிள்யூ-10 ஃபார்ம் (டேகேர் நடத்துகிறவரின் விவரம் கேட்கிற படிவம்) கொண்டு வருவார்கள், அதில் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி நம்பரைக் கொடுக்க மனசில்லையென்றால் ஐஆர்எஸ் தளத்திலேயே இஐஎன் (தொழிலுக்கான வரி எண்) இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் காசு கேட்கிற தளங்கள் பக்கம் போகாதீர்கள்.