பாசெக்குக்குத் தமிழில் என்ன சொல்வது?

உப்புவெளி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். பாடசாலை வானியல் கண்காட்சிக்கு, விண்ணில் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு பதாகை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம், ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றர். ஒளியாண்டு, ஒளி ஓராண்டில் கடக்கும் தூரம், 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். இவ்வளவும் எழுதியாயிற்று. விண்மீன்களின் தூரத்தைச் சொல்லும் இன்னோர் அலகான பாசெக்குக்குத்தான் சொல் வேண்டும். parallax, second என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. ‘இடமாறு செக்கன்’ என்று போடத் தயக்கம். ஒளியாண்டையே பிள்ளைகள் காலம் என்று எழுதிவைக்கிறார்கள். செக்கனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சென்னையிலிருந்து:
அம்மா, தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘விண்ணியல் ஆரம்’ என்று இருக்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படித்த சொல். அதையே போடுங்கள்.

மூதூரிலிருந்து:
ஐயா, எதனுடைய ஆரம்? பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு மறுபுறம் போய்விடுகிறது. அந்த இரண்டு இடங்களிலிருந்தும் பார்த்தால் அருகிலுள்ள விண்மீன், பின்னணி மீன்களுக்கு எதிரே சற்று நகர்ந்து தெரியும். நகர்வில் பாதி (இடமாறு கோணம்) ஒரு விகலையாக, அதாவது பாகையில் 3600இல் ஒரு பங்காக இருந்தால், தூரம் ஒரு பாசெக். இங்கே ஆரம் என்று ஏதாவது உண்டென்றால் அது பூமியின் பாதைக்குரியது. அதற்கு வானியல் அலகு என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

சென்னையிலிருந்து:
2015இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் பாசெக்கை 648000/π வானியல் அலகு என்று வரையறுத்தது. அப்படியென்றால் ஒரு பாசெக் ஆரமுள்ள வட்டத்தில், ஒரு வானியல் அலகு நீளமுள்ள வில் மையத்தில் ஒரு விகலைக் கோணத்தைத் தாங்கும். ஆரம் என்பது பொருத்தமே.

மூதூரிலிருந்து:
சரி, கணக்கில் குற்றமில்லை. ஆனால் ஆரம் என்றதும் எந்த வட்டம் பிள்ளையின் மனதில் வரும்? நான் சொல்ல வருவது விகலை. பாகை, கலை, விகலை என்று பஞ்சாங்கத்தில் இருக்கும் சொல். காலத்தோடு குழம்பாது. கணக்கும் அதிலேயே இருக்கிறது: ஒன்றை விகலையால் வகுத்தால் பாசெக். 1838இல் ஜேர்மன் வானியலாளர் பெசல் அன்னமண்டலத்து 61ஆம் மீனுக்கு 0.314 விகலை கண்டார். வகுத்துப் பாருங்கள், 3.2 பாசெக் வரும். ‘விகலைத்தொலைவு’ என்று வைப்போம்.

ரொறன்ரோவிலிருந்து:
நானும் திருகோணமலையில் பிறந்தவன். விகலை வடசொல். கோணத்தை அளந்து தூரம் காண்கிற அளவைக்கு எங்கள் ஊர்ப்பெயரிலேயே சொல் இருக்கிறது. கோண், கோணல், கோணுதல், கூன், கூனி எல்லாம் வளைவைச் சொல்லும் ஒரே குடும்பம். இவற்றை வைத்துக்கொண்டு கோணத்தைத் திரிகோணத்திலிருந்து பிறந்ததாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சம்பந்தர் பாடியது கோணமாமலை; அங்கே ‘திரி’ இல்லை. பாறை கடலுக்குள் வளைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘கோண்தொலை’ என்பதே என் முடிவு.

மூதூரிலிருந்து:
அண்ணை, “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ” என்று, வடவெழுத்தை விட்டுவிட்டால் வடசொல் வரலாம் எனத் தொல்காப்பியரே வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். விகலையில் எந்த வடவெழுத்து இருக்கிறது? கோண்தொலை என்றால் எவ்வளவு கோணம் என்று தெரியாது. விகலை என்றால் தெரியும்.

கிண்ணியா மாணவன்:
ரீச்சர், வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். ‘பத்து விகலைத்தொலைவு தொலைவில்’ என்று நாக்குத் தட்டுகிறது. ‘விகலைக்காதம்’ என்றால் ‘பத்து விகலைக்காதத் தொலைவில்’ என்று ஓடும். இன்னொன்று, ஆங்கிலத்திலும் இதே சண்டை நடந்திருக்கிறது. 1913இல் வானியலாளர் பிராங்க் டைசன் இந்த அலகுக்குப் பெயர் வேண்டும் என்று எழுதினார். ஷார்லியர் ‘சிரியோமீற்றர்’ என்றார். டைசனுக்கு ‘அஸ்ற்றோன்’ தோன்றியது, ஆனால் அது கிரேக்க மொழியைச் சிதைக்கும் என்று அவருக்கே தெரிந்திருந்தது. கடைசியில் ரேணர் சொன்ன ‘பாசெக்’ நின்றது.

சென்னையிலிருந்து:
காதம் நடந்து அளக்கும் தூரம் அல்லவா? அதுவும் போகட்டும். அந்திரொமேடா விண்மீன் திரள் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு, 780 கிலோபாசெக். அங்கே இடமாறு கோணமே எடுபடாது. செபீட் மீன்களின் ஒளித்துடிப்பை வைத்து அளந்தார்கள். ‘கிலோவிகலைக்காதம்’ என்று எழுதப் போகிறீர்களா?

உப்புவெளி ஆசிரியை:
இதற்கு மேல் காத்திருக்க முடியாது. எந்தத் தமிழ்ச்சொல்லிலும் நீங்கள் ஒன்றுபடவில்லை. தலைப்பில் பாசெக் போடுகிறேன், அடைப்புக்குள் விகலைக்காதம். இரண்டாவது என் விருப்பம், சண்டைக்கு வராதீர்கள். ஒரு பாசெக் 3.26 ஒளியாண்டு என்பதும், வைகாசி இரவில் நம் தெற்கு வானில் தாழ்ந்து தெரியும் அல்பா செந்தோரி 4.37 ஒளியாண்டு என்பதும் கீழே வரும்.

ரொறன்ரோவிலிருந்து:
அடைப்புக்குள்ளாவது கோண்தொலை வந்திருக்கலாம். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.

மூதூரிலிருந்து:
ரீச்சர், அச்சுக்குப் போகுமுன் ஒரு வேண்டுகோள். பதாகையின் மூன்றாவது பந்தியில் ‘இடமாறு தோற்றப்பிழை’ என்று இருக்கிறது. அளவுகோலைச் சாய்த்துப் பார்க்கும்போது அது பிழைதான், நம் புத்தகங்கள் வழு என்பதும் அதனால்தான். விண்மீனுக்கு அந்த இடமாற்றமே அளவை. அதைப் பிழை என்று படித்த பிள்ளை, பெசல் தவறாக அளந்தார் என்றல்லவா நினைக்கும்? ‘இடமாறு தோற்றம்’ என்று மட்டும் போடுங்கள். பாசெக்கை எப்படி எழுதினாலும் பரவாயில்லை, இதை விட்டுவிடாதீர்கள்.