உண்ணிச்செடி மண்டிய காட்டில் ஆடு விடலாமா?

கீழ்மலையான்:
கொடைக்கானல் கீழ்மலையில், பண்ணைக்காட்டுக்கு அருகே எங்களுக்கு 2 ஏக்கர் நிலம் இருக்கிறது. பாதியில் காப்பியும் மிளகும் நிற்கின்றன. மறுபாதி, அப்பா நோயில் படுத்திருந்த 4 ஆண்டுகளில் உண்ணிச்செடி (லாண்டானா என்னும் முட்புதர்) மண்டி, உள்ளே கால் வைக்க வழியில்லாமல் ஆகிவிட்டது. ஆண்டுக்கு இருமுறை ஆள் வைத்து அறுத்தும் ஒவ்வொரு மழைக்கும் தழைத்துவிடுகிறது. அந்தக் கூலிப் பணத்தில் 6 வெள்ளாடும் 4 செம்மறியும் வாங்கி உள்ளே விட்டால் என்ன என்று தோன்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

காப்பிக்காடு:
வேண்டாம் என்பதே என் கருத்து. உண்ணி இலையில் லாண்டடீன் என்னும் நச்சு உண்டு. அது ஈரலைக் கெடுக்கும். அந்தச் செடியைப் பார்த்தறியாத ஊரிலிருந்து வந்த ஆடு, வேறு தழை இல்லாத பசியில் அதைத் தின்றுவிட்டால், பிறகு இரை எடுக்காமல் நிற்கும். கண் மஞ்சள் பூக்கும். வெயிலில் நின்றால் காதிலும் மூக்கிலும் புண்ணாகித் தோல் உரியும். சமவெளிச் சந்தையில் நான் வாங்கி வந்த இரண்டு ஆடுகள் அப்படித்தான் செத்தன. பிழைத்தவை உண்ணியை விட்டுவிட்டு மிளகுக் கொடியைத் தேடிப் போயின. உங்கள் காப்பிக்கும் புதருக்கும் நடுவே வேலி இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவே இல்லை.

மேட்டுப்பட்டி:
காப்பிக்காடு அண்ணன் சொல்லும் நச்சை நான் மறுக்கவில்லை. ஆனால் புதரை ஒழிக்கும் வேலையையே ஆட்டிடம் விட்டதுதான் தவறு. மேலாக அரிவாளால் அறுப்பதால் உண்ணி தூரிலிருந்து துளிர்க்கிறது. மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கடை கீழே ஆணிவேரை வெட்டி, தூரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. அப்படித் திறந்த இடத்தில் வெயில் பட்டதும் எழும் புல், பூண்டு, முட்கொடி இவற்றை அடக்கவே ஆடு வேண்டும். காலையில் கல்யாண முருங்கைத் தழையையோ பலா இலையையோ கட்டி, அரை வயிறு நிரப்பிய பிறகு அவிழ்த்துவிடுங்கள். பசியில்லாத ஆடு உண்ணியைப் பெரும்பாலும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும்.

செம்மறி இப்போது வேண்டாம். வெள்ளாடு பின்னங்காலில் எழுந்து நின்றாவது தழையைக் கடிக்கும்; செம்மறியோ குனிந்து புல்லை மேய்வது. மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் மன்னவனூரில், மேல்மலைப் புல்வெளியில்தானே இருக்கிறது.

காப்பிக்காடு:
வெட்டுவதற்கு ஆளே வர வேண்டுமென்றால் கூலி எங்கே மிச்சமாகிறது? அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த புல்லின் நுனிக்குக் குடற்புழுவின் இளம்புழு ஏறி நிற்கும். அதை மேய்ந்த ஆட்டின் இரத்தத்தைப் புழு உறிஞ்ச, கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, தாடையின் கீழ் நீர் கோத்துவிடும். இருக்கும் இடமோ ஒரு ஏக்கர். பத்து ஆடுகளும் தாம் புழுக்கை போட்ட இடத்தையே திரும்பத் திரும்ப மேயும். சிறுத்தையும் செந்நாயும் உலவும் மலையில் காவலுக்கு ஒருவர் நாளெல்லாம் நிற்க வேண்டும். அவருக்கும் சம்பளம் உண்டல்லவா?

மேட்டுப்பட்டி:
பத்து அதிகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன், நான்கு போதும். பனி உலர்ந்த பிறகே அவிழ்க்க வேண்டும், நிலத்தை நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்க வேண்டும், அடைமழைக் காலத்தில் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய பரண் கொட்டிலிலேயே கட்டித் தழை போட வேண்டும். காவல் செலவுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் அம்மா கூடவே நிற்கிறார், அதனால் அந்தச் செலவு எங்கள் கணக்கில் வரவில்லை. பரணுக்கு அடியில் சேரும் புழுக்கை காப்பிக்கு உரமாவதையும் சேர்த்துப் பாருங்கள், அண்ணா.

கீழ்மலையான்:
வேலி இல்லை. பங்குனிக்குள் கால் ஏக்கரை மட்டும் வேரோடு வெட்டிப் பார்க்கிறேன். ஆடு வாங்குவது வேலிக்குப் பிறகுதான். நான்கடி உயரக் கம்பிவலை போதுமா?

காப்பிக்காடு:
செம்மறிக்குப் போதும். வெள்ளாட்டுக்கு ஐந்தடியாவது வையுங்கள்; வேலியோரத்தில் ஏறி நிற்கக் கல்லோ தூரோ கிடந்தால் அதையும் அப்புறப்படுத்திவிடுங்கள்.