சீமைக்கருவேல முள் இழுத்த கோடுகள்: வீட்டிலேயே எடுக்க முடியுமா?

முதுகுளத்தூரான்:
2021 மாடல் ஹேட்ச்பேக், கருப்பு மெட்டாலிக். கிராமத்து ரோட்டில் டிராக்டருக்கு ஒதுங்கியபோது இடது பக்கம் முழுக்கக் கருவேலங்கிளை உரசிவிட்டது. முன் ஃபெண்டரில் இருந்து பின் கதவு வரை பத்துப் பன்னிரண்டு கோடுகள், எல்லாமே வெள்ளையாகத் தெரிகின்றன. பின் கதவில் ஒரு கோடு மட்டும் சுமார் 4 செ.மீ. நீளத்துக்குக் கொஞ்சம் ஆழம். பட்டறையில் இரண்டு கதவையும் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார்கள். வீட்டில் பாலிஷ் மெஷின் இல்லை, கையால்தான் செய்யணும். பற்பசை போட்டுத் தேய்த்தால் போகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். செய்யலாமா?

டிங்கர்_கண்ணன்:
தம்பி, எதையும் தேய்க்காதீங்க. முதல்ல காரை நல்லாக் கழுவி, நிழல்ல வச்சு ரெண்டு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு, கோட்டு மேல தண்ணி தெளிச்சுப் பாருங்க. நனைஞ்சதும் கோடு மறைஞ்சு, காய்ஞ்சதும் திரும்பி வந்தா அது கிளியர் கோட்டோட, அதாவது கலருக்கு மேல இருக்கிற நிறமில்லாத பூச்சோட, நிக்குது. வெள்ளையாத் தெரியறதுனால பெயின்ட் போயிடுச்சுன்னு நினைக்க வேண்டாம். கீறலோட ஓரம் வெளிச்சத்தைச் சிதறடிக்குது, கருப்புக் கலர்ல அது பளிச்சுனு தெரியும், அவ்வளவுதான்.

ரெண்டு, நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கால மெதுவா இழுங்க. வழுக்கிட்டுப் போனா கையாலயே எடுத்துடலாம். நகம் தட்டி நின்னா காம்பவுண்ட் (பெயின்ட்டைத் தேய்க்கிற பசை) போட்டு அதை முழுசா எடுக்கப் பார்க்கக் கூடாது.

பற்பசைலயும் தேய்க்கிற தூள் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அது பல்லுக்காகச் செஞ்சது. எந்தப் பசைல எவ்வளவு கரகரப்புன்னு உங்களுக்குத் தெரியாது. தேங்காய் எண்ணெயும் துரு நீக்குற ஸ்பிரேயும் கீறலுக்குள்ள எண்ணெயை நிரப்பி மறைக்கும், அடுத்த வாஷ்ல கோடு திரும்ப வந்துடும்.

முதுகுளத்தூரான்:
சோதித்துவிட்டேன். எல்லாக் கோடும் நனைந்ததும் மறைகிறது, நகம் வழுக்குகிறது. பின் கதவின் 4 செ.மீ. மட்டும் நகத்தில் தட்டுகிறது, நனைந்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது. 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு அதையும் சமப்படுத்தலாமா?

ஷைன்_மதுரை:
வேண்டாம். கம்பெனி பெயின்ட்டில் கிளியர் கோட் ஏறக்குறைய 40 முதல் 50 மைக்ரான்தான். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. வெயில் பெயின்ட்டைத் தின்னாமல் தடுப்பதும் அந்தப் படலமே. பூச்சின் தடிமனை அளக்கும் மானி இல்லாமல் வாட்டர் பேப்பர் போட்டால் எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று தெரியவே தெரியாது. இன்றைக்குப் பளபளக்கும், நம் ஊர் வெயிலில் சில வருஷத்தில் அந்த இடம் வெளுத்து உரிய ஆரம்பிக்கும். கதவு விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் இன்னும் மோசம், அங்கே படலம் மெல்லியது, தேய்ப்பு முழுக்க அந்த ஒரே வரியில் விழும்.

வாங்க வேண்டியவை: ஃபைன் கட் காம்பவுண்ட் சின்ன பாட்டில், ஃபினிஷிங் பாலிஷ், ஃபோம் அப்ளிகேட்டர் பேட் இரண்டு, மைக்ரோஃபைபர் துணி நாலு, மாஸ்கிங் டேப், வேக்ஸ். மைக்ரோஃபைபர் ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலிலேயே வெட்டி எறியுங்கள். கருப்பு பெயின்ட்டில் அந்த லேபிளே கோடு போடும். கீழே விழுந்த துணியைத் துவைக்காமல் மறுபடி தொட வேண்டாம்.

காலை எட்டு மணிக்குள், நிழலில். புறங்கையைக் கதவில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூடான தகட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து பொடியாகி, அந்தப் பொடியே புதுக் கீறல் போடும்.

கைப்பிடி, ரப்பர் பீடிங், கருப்பு பிளாஸ்டிக், கதவு விளிம்பு எல்லாவற்றையும் டேப் போட்டு மறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி இடம் மட்டும். பேடில் பட்டாணி அளவு மூன்று பொட்டு. நாலு விரலையும் விரித்துச் சமமாக அழுத்தி, நேர்கோட்டில் தேய்க்கணும், முதலில் கீறலுக்குக் குறுக்காக, பிறகு நீளவாக்கில், மொத்தம் முப்பது நாற்பது இழுப்பு. ஒற்றை விரல் நுனியால் கோட்டை மட்டும் குத்தித் தேய்த்தால் அந்த இடம் பள்ளமாகி, பக்கவாட்டில் பார்த்தால் அலை தெரியும்.

துடைத்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை மறைத்திருந்தால் இப்போது வெளியே வந்துவிடும். கை கழுவும் சானிடைசரை இதற்கு எடுக்காதீர்கள், பெரும்பாலும் கிளிசரின் கலந்திருக்கும், கறை நிற்கும்.

ஒரே இடத்தில் மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். கீறல் பாதிக்கு மேல் மங்கிவிட்டால் அதோடு நிறுத்துங்கள்.

கோவை_பழைய_வண்டி:
இதைப் படித்துவிட்டுப் பழைய வண்டியில் செய்கிறவர்களுக்கு ஒன்று. தேய்க்கும்போது துணியில் வண்டியின் கலரே ஒட்டினால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றைப் பூச்சு. பழைய கார்களில் சாதா வெள்ளை, சிவப்பு நிறங்களில் இதைப் பார்க்கலாம். பயப்பட வேண்டாம், ஆனால் ஒரு சுற்றோடு விட்டுவிடுங்கள். மேட் ஃபினிஷ் வண்டியாக இருந்தால் இந்த முறையே கூடாது. தேய்த்த இடம் பளபளப்பாகி வட்டமாக நிற்கும், அதைத் திரும்ப மேட் ஆக்க வழியில்லை.

முதுகுளத்தூரான்:
முன் ஃபெண்டரும் முன் கதவும் முடித்தேன், கோடுகள் போய்விட்டன. ஆனால் வெயிலில் பார்த்தால் தேய்த்த இடம் மட்டும் லேசாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. டேப் விலகின இடத்தில் பீடிங் ஓரம் வெள்ளையாகிவிட்டது. கெடுத்துவிட்டேனா?

ஷைன்_மதுரை:
கெடவில்லை. அது காம்பவுண்ட் விட்ட மயிரிழைக் கோடுகள், கருப்பில் மட்டும்தான் இவ்வளவு தெரியும். ஃபினிஷிங் பாலிஷ் அதற்குத்தான். புது பேட், பாதி அழுத்தம், அதே மாதிரி நேர்கோடு, இரண்டு சுற்று. காம்பவுண்ட் போட்ட பேடையே எடுத்தால் புகை போகாது. பீடிங்கில் ஏறிய வெள்ளையைப் பழைய மென்மையான டூத் பிரஷில் அதே ஆல்கஹால் கலவையைத் தொட்டு மெல்லத் தேய்த்து, உடனே துடைத்து எடுங்கள். கடைசியாக மெல்லிசாக வேக்ஸ்.

டிங்கர்_கண்ணன்:
அந்த 4 செ.மீ.க்கு டச்-அப் பெயின்ட் போதும் தம்பி, முழுக் கதவும் அடிக்க வேண்டாம். வேக்ஸுக்கு முன்னாடியே இதை முடிச்சிடுங்க, வேக்ஸ் மேல பெயின்ட் பிடிக்காது. கலரோட குறியீட்டு எண் கதவுத் தூண்லயோ பானட்டுக்கு அடியிலயோ இருக்கிற ஸ்டிக்கர்ல பாருங்க, வெறும் கருப்புன்னு கேட்டு வாங்கினா மெட்டாலிக் துகள் ஒத்துப் போகாது. கீறலை ஆல்கஹால்ல துடைச்சுக் காயவிட்டு, பல்குச்சி நுனில தொட்டுப் பள்ளத்துக்குள்ள மட்டும் இழுங்க. பாட்டில்ல வர்ற பிரஷ் இதுக்குத் தடிமன். மெல்லிசா ரெண்டு மூணு தடவை, நடுவுல அரை மணி நேரம். கடைசியா கிளியர் ஒரு பூச்சு. ஒரு வாரம் அந்த இடத்துல பாலிஷும் வேக்ஸும் படக் கூடாது. கிட்டப் போய்ப் பார்த்தா தெரியத்தான் செய்யும், ஆனா தகட்டுக்குத் தண்ணி இறங்காது.

முதுகுளத்தூரான்:
புகை போய்விட்டது. பின் கதவில் இன்னொரு மெல்லிய கோடு மூன்று சுற்றுக்குப் பிறகும் சாயந்திர வெயிலில் மட்டும் தெரிகிறது. நாலாவது போடலாமா?

ஷைன்_மதுரை:
போடாதீர்கள். அதே ரோட்டில்தான் நாளைக்கும் போகப் போகிறீர்கள்.