சாண்ட்பாக்ஸ்: மணற்பெட்டியா, சோதனைப்பட்டியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஷெல் நிரல்களை, அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய நிரல்களை, வெளியே தீங்கு நேராதபடி அடைத்துச் சோதிக்கத் தற்காலிகமாக அமைக்கும் சூழலே சாண்ட்பாக்ஸ். அதைத் தமிழில் ‘மணற்பெட்டி’ எனலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. குழந்தைகள் விளையாட மணல் நிரப்பிய தொட்டியிலிருந்து வந்த பெயர் அது. காங்கேயம், தாராபுரம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதைக் கேட்டால் கண்முன் எதுவும் எழுவதில்லை. அதைவிடப் பெரிய குறை, அதனோடு இயல்பாகச் சேரும் வினைகள் இல்லாதது. கையேடு எழுதுபவருக்கு அமைப்பது, உள்ளே இயக்குவது, கலைப்பது ஆகிய மூன்றுக்கும் சொல் வேண்டும்.

எனவே ‘சோதனைப்பட்டி’ என்பதை முன்வைக்கிறேன். வெள்ளாமை எடுத்த காட்டில் படல்களைச் சுற்றி நிறுத்தி, இரவில் ஆடுகளை அடைத்து, எரு விழுந்ததும் படல்களைக் கழற்றி அடுத்த இடத்துக்கு மாற்றும் வழக்கத்தில் அம்மூன்று வினைகளும் இருக்கின்றன: பட்டி போடுதல், பட்டியில் அடைத்தல், பட்டி பிரித்தல். மெனுவையும் ‘பட்டி’ என்று எழுதுவோர் உண்டு என்பதால், ‘சோதனை’ என்ற முன்சொல்லை எங்கும் விடக் கூடாது. ஆடுகளை அடைக்கும் இடத்தைக் குறிக்கும் ‘கிடை’யும் நல்ல சொல்லே, ஆயினும் கிடைமட்டத்தோடு மயங்கும்.

பொருள் வரையறையில்தான் நாம் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். ‘எம்கேடெம்ப்’ கட்டளையால் உருவாக்கும் தற்காலிக அடைவை (கோப்புறையை) சோதனைப்பட்டி என்று அழைக்கலாகாது. அதற்கு வேலி இல்லை. அத்தகைய அடைவுக்குள் நின்று நான் இயக்கிய நிரலில் இலக்கு அடைவின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாக இருந்தது. அடைவு மாற்றும் ‘சிடி’ கட்டளை, பெயர் தரப்படாவிட்டால் பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வீட்டு அடைவுக்கே போய்விடும் என்பதால், அடுத்த வரியிலிருந்த அழிப்புக் கட்டளை என் கோப்புகளையே அழித்துவிட்டது. மாறியை மேற்கோள் குறிக்குள் இடாததால்தான் ‘சிடி’ பெயரே தரப்படாததுபோல் நடந்துகொண்டது; அது என் பிழைதான். ஆனால் வேலி இருந்திருந்தால் அப்பிழை உள்ளேயே முடிந்திருக்கும். ஆகவே, வெளியே உள்ள கோப்புகளை நிரல் தொட முடியாதபடி டாக்கர், பபுள்ராப் போன்ற கருவிகளால் அடைத்த சூழலுக்கு மட்டுமே இப்பெயரைத் தருவோம். மற்றதைத் ‘தற்காலிக அடைவு’ என்றே எழுதுவோம்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. நிரல் முடியும்போது துப்புரவு செய்ய ‘டிராப்’ கட்டளையை எழுதி வைத்தாலும், நிரலை ‘கில்’ கட்டளையின் 9ஆம் குறிகையால், அதாவது உடனடியாக நிறுத்தும் சிக்னலால், நிறுத்தினால் அந்தத் துப்புரவு நடக்காது. அடைவு அப்படியே எஞ்சிவிடும். சோதனைப்பட்டிகளிலும் இவ்வாறு கலைக்கப்படாமல் எஞ்சுவதைப் ‘பிரியாப் பட்டி’ எனலாமா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.