மறு: ஹொட் த்ரோ, கோல்ட் த்ரோ – வாசனை மெழுகுதிரிக்கு இரண்டு சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வாசனை மெழுகுதிரி எரியும்போது தரும் மணத்தை ஆங்கிலத்தில் ஹொட் த்ரோ என்றும், பற்றவைக்காமலே தரும் மணத்தைக் கோல்ட் த்ரோ என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடி இதுவரை வந்த மடல்களை வாசித்தேன். சென்னை அண்ணா சொன்ன 'சூடான மண வீச்சு', 'குளிர்ந்த மண வீச்சு' என்ற இணைக்குப் பலரும் சரி என்றுவிட்டார்கள். அது முடிவாகிவிடும் முன், நுவரெலியாவிலிருந்து என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வீட்டிலேயே வாசனை மெழுகுதிரி செய்யக் கற்றுக்கொடுத்து வருகிறேன். ஏப்ரல் வசந்த காலத்தில் ஊர் பார்க்க வருகிறவர்களிடம் விற்கலாம் என்று எண்ணம். அவர்களுக்கான செய்முறைத் தாளில் அண்ணாவின் சொற்களைத்தான் போட்டேன். 'சூடான வீச்சு நன்றாக இருக்க வேண்டும்' என்ற வரியை வாசித்த ஒரு பிள்ளை, மெழுகைச் சூடு ஆறாமலே ஊற்ற வேண்டும் என்று விளங்கிக்கொண்டு அப்படியே ஊற்றிவிட்டாள். இங்குள்ள குளிரில் ஓரம் சட்டென்று இறுக, நடு மெதுவாக ஆறி உள்வாங்கி, நான்கு கிளாஸிலும் குழி. அவள் மேல் பிழையில்லை. அந்தச் சொல்லை வாசித்தால் அப்படித்தான் விளங்கும்.

'மணம் வீசும்' என்பது அழகான தமிழ். ஆனால் அதைப் பெயர்ச்சொல்லாக்கி 'வீச்சு' என்றதும், மீன் சந்தையின் வீச்சம்தான் எங்கள் காதில் விழுகிறது. 'குளிர்ந்த' என்பதும் இங்கே பொருந்தாது. யூக்கலிப்டஸ் தைலத்தை மோந்தால் மூக்கே குளிரும். குளிர்மணம் என்று சீட்டில் எழுதினால் வாங்குகிறவர் அந்த மாதிரி வாசத்தைத்தான் எதிர்பார்ப்பார்.

மட்டக்களப்பு அக்கா சொன்ன 'எரிமணம்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்ததில், சோறு அடிப்பிடித்த வாசம்தான் நினைவுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், உண்மையில் நடப்பது அதுவல்ல. திரி வழியே ஏறிச் சுடருக்குள் போகும் தைலம் மெழுகோடு சேர்ந்து எரிந்துபோகிறது. நம் மூக்குக்கு வருவது பெரும்பாலும் திரியைச் சுற்றி உருகித் தேங்கி நிற்கும் மெழுகிலிருந்து ஆவியாகும் தைலம். அதனால்தான் திரி மெலிதாகி அந்தத் தேக்கம் கிளாஸின் ஓரம் வரை பரவாவிட்டால், எவ்வளவு தைலம் கலந்தாலும் அறை மணப்பதில்லை. சுடரே இல்லாமல், மின்சாரத்தில் சூடாகும் தட்டில் மெழுகை உருகவிட்டாலும் மணக்கும்.

ஆகவே பெயரைச் சூட்டிலிருந்தும் நெருப்பிலிருந்தும் எடுக்காமல், மெழுகின் நிலையிலிருந்து எடுப்போம்:

உறைமணம் – இறுகிய மெழுகு பற்றவைக்காமலே தரும் மணம்.
உருகுமணம் – உருகிய மெழுகு தரும் மணம்.

உறைநிலை, உருகுநிலை என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நாங்கள் பௌதிகவியல் என்பதை நீங்கள் இயற்பியல் என்கிறீர்கள், எங்கள் மெழுகுதிரி உங்களுக்கு மெழுகுவர்த்தி. ஆனால் இந்த இரண்டும் இரு கரையிலும் ஒன்றுதான். உறைதல் என்றால் தங்கியிருத்தல் என்றும் பொருள் உண்டே! திரி ஏற்றும் வரை மெழுகுக்குள் தங்கியிருக்கிற மணம். இந்தப் பொருத்தம் தட்டுப்பட்டபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

இரண்டு சொல் எதற்கு, 'மணம்' போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. எங்கள் யூக்கலிப்டஸ் திரியில் மூடியைத் திறந்ததுமே மணம் தூக்கும். பற்றவைத்துக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அந்தத் தைலம் சீக்கிரம் ஆவியாகிறது. கறுவா இலைத் தைலம் போட்டது நேர்மாறு. அதன் முக்கியப் பொருளான யூஜினோல் மெதுவாக ஆவியாவதால், மூடியைத் திறந்தால் மெல்லத்தான் தெரியும். உருகத் தொடங்கியபின் அறை நிறையும். கடையில் மோந்து பார்த்து வாங்கிப்போய், வீட்டில் மணக்கவில்லை என்று குறைப்படுகிறவருக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லச் சொல் வேண்டும்.

அப்புறம், ஊற்றி இறுகியபின் பற்றவைக்காமல் வைத்திருக்கும் நாட்களுக்கு 'ஊறுகாலம்' போதும் என நினைக்கிறேன். சோயா மெழுகென்றால் ஒன்றிரண்டு வாரம். ஊறு என்றால் தீங்கு அல்லவா என்று ஒரு மடல் வந்தது. ஊறுகாயை அப்படி யாரும் நினைப்பதில்லை.

நுவரெலியாவிலிருந்து

* * *

தங்கச்சிக்கு வணக்கம்.

நான் பண்டாரவளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். உறைமணத்துக்கு என் வாக்கு. உருகுமணத்தில்தான் ஓர் ஐயம். அடுப்பில் மெழுகு உருகும்போதும் வாசம் வருமே, அதையும் உருகுமணம் என்பீர்களா? செய்முறைத் தாளில் அது குழப்பம் தராதா? 'சுடர்மணம்' பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. பிள்ளைகள் மெழுகை நேரே அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குகிறார்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஊர் 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். மெழுகும் அதற்கு மேல் சூடேறாது. சோயா மெழுகை உருக்கவும் தைலம் கலக்கவும் அந்தச் சூடு தாராளம்.

* * *

டீச்சர், நன்றி. வெந்நீர்ப் பாத்திரத்தில்தான் உருக்குகிறோம், தண்ணீர் வற்றாமல் ஒருத்தி பக்கத்திலேயே நிற்பாள். இந்த 94 பாகைக் கணக்கையும் தாளில் சேர்க்கிறேன்.

உங்கள் ஐயம் சரியானது. யோசித்துப் பார்த்தால், பாத்திரத்தில் வருவதும் திரியடியில் வருவதும் ஒரே வேலைதான். இரண்டிலும் உருகிய மெழுகிலிருந்து தைலம் ஆவியாகிறது. அடுப்படி வாசத்துக்குத் தனிச்சொல் யாரும் தேடவில்லை, 'கலக்கும்போது வரும் வாசம்' என்றால் முடிந்தது. சுடர்மணம் காதுக்கு இனிமைதான். ஆனால் சுடரே இல்லாத மின்தட்டை என்ன செய்வது? அதோடு மணம் சுடரிலிருந்து வருகிறது என்று பிள்ளைகள் மறுபடியும் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். அதனால் உருகுமணத்திலேயே நிற்கிறேன். விளக்கத்தில் 'திரி எரியும்போதோ தட்டில் சூடாகும்போதோ' என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

தாளைத் திருத்தி எழுதியாயிற்று. நேற்று அந்தப் பிள்ளையிடமே வாசிக்கக் கொடுத்தேன். "உறைமணம் கூட, உருகுமணம் கம்மி. அப்ப இது யூக்கலிப்டஸ் திரி" என்றாள்.

ஓரம் உருகாமல் நடுவில் மட்டும் திரி கீழே இறங்கிப்போவதற்கு இன்னும் சொல் இல்லை. ஆங்கிலத்தில் அதைச் சுரங்கம் என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் 'கிணறு விழுந்துட்டு' என்கிறார்கள். செங்குத்தாக இறங்குவதால் எனக்குக் கிணறுதான் சரியாகப் படுகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.