புதுப்பிப்பு: தோட்டா சிக்கியது மேகசினால்தான் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி)

காரைக்குடியிலிருந்து மீண்டும் நான். என் .22 விளையாட்டுக் கைத்துப்பாக்கியில் பத்துக்கு மூன்று தோட்டா, குழலின் அடியிலுள்ள அறைக்குள் ஏறாமல் மூக்கு முட்டி நிற்பதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். நான் பிடிப்பது தளர்வு என்றார் அப்பச்சி. எண்ணெய் போதாது என்றீர்கள் நீங்கள். இரண்டும் இல்லை.

மேகசின்களில் 1, 2 என்று தங்கையின் நகப்பூச்சால் எழுதி, சுடுதளத்தில் மாற்றி மாற்றிச் சுட்டேன். சிக்கியதெல்லாம் 2-இல்தான். வெளிச்சத்தில் பார்த்தால், அதன் வாய் விளிம்பு ஒரு பக்கம் மயிரிழை விரிந்திருந்தது. தோட்டா கோணலாக எழும்பியது. இடுக்கியால் நெளிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு புதிதே வாங்கினேன்.

நிரப்பும்போதும் அவசரம் வேண்டாம்: மேல் தோட்டாவின் அடி விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போனால் நகரவே நகராது.

ஞாயிறன்று 50 சுட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. அப்பச்சி இன்னும் பிடியைத்தான் குறை சொல்கிறார்.