ரோஹிதாஸின் சிவப்பு அட்டை: கண் எங்கே இருந்தது?

மெரிபேங்க் ஃபுல்பேக்:
நேற்று இங்கே நம் லீக் நடுவர் விசில்காரர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். "பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி காலிறுதியில் இந்தியாவின் அமித் ரோஹிதாஸுக்குக் காட்டிய சிவப்பு அட்டையில் ஒரு குறையும் இல்லை. மட்டை தலையில் பட்டால் வெளியே போக வேண்டியதுதான்." படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பின்களத்திலேயே நின்று வயதானவன் நான். மட்டை எப்போது, எதற்காக மேலே எழும்பும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். 2024 ஆகஸ்ட் 4, இந்தியாவும் பிரிட்டனும் மோதிய காலிறுதி, 17ஆவது நிமிடம். ரோஹிதாஸ் நடுக்களத்தில் பந்தைக் கொண்டுபோகிறார். பிரிட்டனின் வில் கால்னன் நெருங்கி வந்து மறிக்கிறார். பந்தைக் காப்பாற்றுகிற வேகத்தில் மட்டை எழும்பி கால்னனின் தலையில் படுகிறது. காணொளி நடுவர் பார்த்தார், சிவப்பு அட்டை வந்தது. மீதி 43 நிமிடமும் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எந்த மோதலும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: மட்டை எழும்பிய நொடியில் ரோஹிதாஸின் கண் எங்கே இருந்தது? பந்தின் மீது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

விசில்காரர்:
பதில் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. மட்டையை ஆபத்தான விதத்தில் பயன்படுத்தக் கூடாது. அடுத்தவர் தலைக்கு மேலே தூக்கக் கூடாது. அந்த விதியில் "கண்" என்ற பேச்சே இல்லை. கையில் மட்டையை வைத்திருப்பவர்தான் அதற்குப் பொறுப்பு. உங்களுக்குப் பின்களம் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். விதி தெரியும் என்று நீங்கள் இதுவரை நிரூபிக்கவில்லை.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
பார்த்தீர்களா, கேட்டதற்குப் பதில் இல்லை. ஆபத்தான ஆட்டத்துக்குப் பச்சை அட்டை இருக்கிறது, இரண்டு நிமிடம் வெளியே. மஞ்சள் இருக்கிறது, குறைந்தது ஐந்து நிமிடம். மஞ்சள் காட்டியிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். சிவப்பு என்றால் அந்த ஆள் வேண்டுமென்றே அடித்தார் என்று உலகத்துக்கு முன்னால் சொல்வது. வேண்டுமென்று அடிப்பவன் அடிக்கிற இடத்தைப் பார்ப்பான். ரோஹிதாஸ் பார்க்கவில்லை. கண் பந்தின் மீது இருந்தது.

டொங்காட் அக்கா:
இரண்டு பேரும் அடித்தவரின் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். அடிபட்டவரின் கண்ணைப் பற்றி ஒருவராவது நினைத்தீர்களா? 2019 நவம்பரில் லண்டனில் மலேசியாவுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் பிரிட்டனின் சாம் வார்ட் முகத்தில் பந்து பட்டது. எலும்புகள் உடைந்தன, இடது கண்ணின் பார்வை பெருமளவு போய்விட்டது. பந்தின் எடை 160 கிராம் அளவுதான். அது செய்த வேலை அது. ஹாக்கி மட்டை முகத்தில் பட்டால் என்ன ஆகும்? என் மகன் பெனால்டி கார்னருக்கு, அதாவது கோலருகே தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் அடிக்கு, கோல் கம்பத்தோரம் நின்று தடுக்கிற பையன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வேலிக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தலையில் பட்டால் சிவப்பு. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
அக்கா, உங்கள் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன உதாரணம் எனக்குத்தான் துணை நிற்கிறது. சாம் வார்ட்டைத் தாக்கியது அவருடைய சொந்த அணிக்காரர் கோலை நோக்கி அடித்த பந்து. அதற்கு யாருக்கு அட்டை காட்டுவீர்கள்? காயம் பெரிதானதால் குற்றம் பெரிதாகிவிடாது. காயம் வேறு, குற்றம் வேறு. குற்றத்தை எடைபோட ஆட்டக்காரர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் பார்க்க வேண்டும்.

டொங்காட் அக்கா:
வார்ட் அதன் பிறகு முகமூடி போட்டுக்கொண்டுதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். நம் பையன்களுக்கு ஆளுக்கொரு முகமூடி கிடையாது. பயிற்சியில் வியர்வை காயாமல் ஒன்றையே மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். எந்தக் கிளப் என்று சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும். அதைப் பேசுங்கள் முதலில்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசி:
ரோஹிதாஸ் விஷயத்தில் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அந்த ஆட்டத்தின் நடுவர் பணியைப் பற்றி இந்திய ஹாக்கி அமைப்பு முறைப்படி புகார் கொடுத்தது. காணொளி முடிவுகளில் ஒரே அளவுகோல் இல்லை என்றார்கள். சமநிலையில் முடிந்த பிறகு வந்த ஷூட்அவுட்டில் பிரிட்டன் கோல்கீப்பருக்குக் கோலுக்குப் பின்னாலிருந்து ஆலோசனை சொன்னார்கள், அவர் கையில் டேப்லெட் இருந்தது என்றும் புகார். அப்படியும் இந்தியக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் நின்று தடுத்தார், இந்தியா 4-2 என்று வென்றது. எந்தக் குறையும் இல்லை என்று விசில்காரர் சொல்வது ஆச்சரியமாக இருக்கிறது.

விசில்காரர்:
டேப்லெட்டும் சிவப்பு அட்டையும் ஒன்றல்ல. அந்த அட்டையால் வந்த ஒரு ஆட்டத் தடையை எதிர்த்து இந்தியா மேல்முறையீடும் செய்தது. அது தள்ளுபடியானது. ரோஹிதாஸ் அரையிறுதியில் ஆடவில்லை. அத்தோடு விஷயம் முடிந்துவிட்டது. தோற்ற வழக்கைத் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உட்கார்ந்து மறுபடி நடத்துகிறீர்கள்.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
தீர்ப்புச் சொன்னவர்களின் வீட்டிலேயே மேல்முறையீடு செய்தால் தள்ளுபடி ஆகாமல் என்ன ஆகும்? அரையிறுதியைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். ரோஹிதாஸ் சாதாரணத் தடுப்பாட்டக்காரர் அல்ல. பெனால்டி கார்னரில் கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடுகிறவர் அவர். பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிப்பவரை நோக்கி, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் பந்துக்கு நேராக, உடம்பைக் கொடுத்து ஓடுகிற வேலை. அவர் இல்லாத அரையிறுதியில் ஜெர்மனியின் முதல் கோல் எப்படி வந்தது? பெனால்டி கார்னரில், கொன்சாலோ பெய்லட் அடித்தார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வென்று பிறகு ஜெர்மனிக்கு ஆடப் போன அதே பெய்லட். ஆட்டம் 3-2. ஒரு கோலில் இறுதிப்போட்டி போனது. பாய்ந்து ஓட வேண்டியவர் பார்வையாளராக உட்கார்ந்திருந்தார், கண்ணைப் பந்தின் மீது வைத்த குற்றத்துக்காக.

விசில்காரர்:
ரோஹிதாஸ் ஓடியிருந்தால் பெய்லட் தவறவிட்டிருப்பார் என்பது உங்கள் ஆசை. இன்னொன்றும் சொல்கிறேன், எல்லாருக்கும் தெரியட்டும். இவருடைய கோபம் பாரிஸில் பிறந்தது அல்ல. ஒரு லீக் ஆட்டத்தில் நான் இவருக்கு மஞ்சள் அட்டை காட்டினேன். அன்றிலிருந்து எந்த நடுவரும் இவருக்கு நல்லவரில்லை.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
அதுவும் தவறான அட்டைதான்! நீங்களே இழுத்துவிட்டீர்கள், கேளுங்கள். எதிரணிப் பையன் என் காலடியில் வந்து விழுந்தான், என் மட்டை தரையில் கிடந்தது, நீங்கள் நின்றது 23 மீட்டர் கோட்டுக்கு அப்பால். அங்கிருந்து என்ன தெரிந்தது உங்களுக்கு? அன்றும் நான் கேட்டேன், என் கண் எங்கே இருந்தது என்று. அன்றும் பதில் இல்லை.

விசில்காரர்:
அன்று நீங்கள் கேட்டது அது மட்டுமல்ல. என் தாயாரைப் பற்றியும் கேட்டீர்கள். அட்டை அதற்காகத்தான்.

ஃபீனிக்ஸ் இடதுகை:
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தியாவின் அட்டைக்காக நாம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறோம்? நம் அணி எது? 2016இல் நம் தென்னாப்பிரிக்க ஆண்கள், பெண்கள் இரு அணிகளும் ஆப்பிரிக்க வெற்றியாளர்களாக ரியோவுக்குத் தகுதி பெற்றன. கண்டத் தகுதி போதாது என்று நம் நாட்டு ஒலிம்பிக் அமைப்பே அனுப்ப மறுத்தது. நம் இடங்களில் நியூசிலாந்து ஆண்களும் ஸ்பெயின் பெண்களும் போனார்கள். அதற்கு ஃபுல்பேக் அங்கிள் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினாரா? 2022இல் போட்செஃப்ஸ்ட்ரூமில் நேஷன்ஸ் கோப்பையின் இறுதியில் அயர்லாந்தை 4-3 என்று வென்றோம். உலகின் முன்னணி அணிகள் ஆடும் புரோ லீக்கின் வாசல் திறந்தது. செலவுக்குப் பணமில்லாமல் நாம் விலகினோம், தோற்ற அயர்லாந்து உள்ளே போனது. எனக்கு எரிவது அதுதான்.

2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் நம் நாட்டுப் பையன்களும் ஆடினார்கள். என் தாத்தாவின் தாத்தா கப்பலேறிய மண்ணில் நம் நாட்டுப் பச்சைச் சட்டை போட்டு ஆட நான் எதையும் கொடுத்திருப்பேன். கேப் டவுனிலிருந்து தயான், முஸ்தஃபா காசிம் சகோதரர்கள் தேசிய அணிக்கு வந்தார்கள். நம் பகுதியிலிருந்து அடுத்து யார்? மாகாணத் தேர்வுக்கு வருகிற பையன்களில் டிராக் ஃபிளிக் அடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். செயற்கைப் புல்தரையில் தினமும் பழக இடமில்லை. அதைப் பேசலாமா?

மெரிபேங்க் ஃபுல்பேக்:
தம்பி, 2016இல் நான் என்ன எழுதினேன் என்று தெரியாமல் பேசாதே. டோக்கியோவுக்குப் பையன்கள் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அங்கே ஜெர்மனியை 4-3 என்று வென்ற அன்று என் தெரு முழுக்க எழுப்பினேன். பச்சைச் சட்டை மீது எனக்குள்ள பற்றை நீ அளக்க வேண்டாம். அதற்காக இந்தியாவுக்கு நடந்த அநியாயத்தைப் பேசக் கூடாதா? தன்ராஜ் பிள்ளை இந்தியாவுக்காக நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய காலத்தில் இங்கே எங்கள் தலைமுறைக்கு அவர்தான் எல்லாம். மாஸ்கோவில் 1980இல் தங்கம் வாங்கிய இந்திய அணிக்குத் தலைவர் சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். இதெல்லாம் நம்முடையது இல்லையா?

ஃபீனிக்ஸ் இடதுகை:
நம்முடையது என்றால் நம் பையன்களுக்கும் அதே அளவு குரல் கொடுங்கள் என்றுதான் சொன்னேன். தேர்வுக்குப் போகும் பஸ் கட்டணத்துக்கே வழியில்லாத பையன்கள் இருக்கிறார்கள். பாஸ்கரன் பெயர் அவர்களைக் கூட்டிப் போகாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசி:
தேர்வு என்றதும் நினைவுக்கு வருகிறது. கடலோரம் இல்லாத எங்கள் பகுதிப் பையன்களை யாராவது பார்க்க வருகிறார்களா? எல்லாம் கடற்கரைக்காரர்களுக்குத்தான்.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
கடற்கரையில் நாங்கள் தங்கத் தட்டில் சாப்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டீர்களா? எங்கள் பையன்களையும் ஒருவரும் பார்க்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். விசில்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

விசில்காரர்:
சொல்லியாகிவிட்டது. புரியும்படி இன்னொரு விதியையும் சொல்கிறேன். பெனால்டி கார்னரில் முதல் அடி ஓங்கி அடித்ததாக இருந்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. ஃபிளிக் என்றால் எந்த உயரமும் போகலாம், ஆபத்தில்லாமல். ஐந்து மீட்டருக்குள் சாதாரணமாக நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால் அது ஆபத்தான அடி, தடுக்கும் அணிக்கு ஃபிரீ ஹிட், அதாவது மறிப்பில்லாமல் அடிக்கும் வாய்ப்பு. அடித்தவர் எங்கே பார்த்தார் என்று அங்கே எந்த நடுவரும் கேட்பதில்லை. உயரம், தூரம், உடம்பில் பட்ட இடம், அவ்வளவுதான். பந்துக்கு அப்படி என்றால் மட்டைக்கு மட்டும் வேறு நியாயமா?

மெரிபேங்க் ஃபுல்பேக்:
இதுதான் வேண்டும்! நீங்கள் சொன்ன அந்த ஆபத்தான அடிக்குத் தண்டனை என்ன? ஃபிரீ ஹிட். சிவப்பு அட்டை அல்ல. நோக்கத்தைப் பார்க்காத இடத்தில் தண்டனை சிறியது. சிவப்பைக் கையில் எடுத்தால் நோக்கத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உங்கள் வாயாலேயே என் வழக்கை வாதாடிவிட்டீர்கள்.

விசில்காரர்:
நான் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உங்களுக்குப் பழக்கம். ஃபிரீ ஹிட் ஆட்டத்துக்கான தண்டனை. அட்டை ஆளுக்கான தண்டனை. ஒரே தவறுக்கு இரண்டும் வரலாம். இது நடுவர் பயிற்சியின் முதல் நாள் பாடம். நீங்கள் வந்து உட்கார்ந்தால் இடம் தருகிறேன்.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
நீங்கள் பாடம் எடுக்கும் வகுப்பிலா? நான் ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, ஆனால் அதை அப்படிச் செலவழிக்க மாட்டேன். அந்தக் காட்சியை நொடி நொடியாக நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கால்னன் வந்தது பக்கவாட்டில். ரோஹிதாஸின் தலை குனிந்திருக்கிறது. குனிந்த தலை எதைப் பார்க்கும்?

விசில்காரர்:
நானும் பார்த்தேன். மட்டை எழும்புவதற்கு முன்னால் தலை திரும்புகிறது.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
திரும்பவில்லை.

விசில்காரர்:
திரும்புகிறது.

டொங்காட் அக்கா:
திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் அடிபட்டது தலையில். நான் முகமூடிக்குக் கேட்டு எவ்வளவு நேரம் ஆகிறது? தெருவையே எழுப்பியவர் ஒரு முகமூடிக்குப் பணம் தருகிறேன் என்று எழுதவில்லை. வகுப்பில் இடம் தருகிறவரும் எழுதவில்லை.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
முகமூடியைக் கிளப் நிர்வாகம்தான் வாங்கித் தர வேண்டும் அக்கா, அவர்களிடம் கேளுங்கள். நான் ரோஹிதாஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

டொங்காட் அக்கா:
அந்த நிர்வாகத்தில் உங்கள் மைத்துனர் இருக்கிறார் என்பது டொங்காட் வரைக்கும் தெரியும்.

மெரிபேங்க் ஃபுல்பேக்:
என் மைத்துனரை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? அவர் பொருளாளர் மட்டும்தான்.